தும்மலுக்குச் சகுனமில்லாத தெரு

நேசையன் மிளகாய் வத்தல் சாக்கின் வாயைப் பிரித்து, விரித்த பாயில் கொட்டினான். காலால் எத்திக் கிளறினான். நான் துண்டால் மூக்கை மூடாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மொதலாளி, இது மதி, போரும்," என்றான்.

"போராது. தெருமொனை வரைக்கும் கமறணும். பத்து மணிக்கு ஆளு வருது."

ஊரில் எல்லோருக்கும் தும்மல் அபசகுனம். ஒற்றைத் தும்மல் கேட்டால் புறப்பட்டவன் திரும்பி வந்து, உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவான். வத்தல் மொத்தக் கடைகள் இருக்கும் எங்கள் ஆரியசாலை வரிசையில் அப்படிப் பார்த்தால் ஒருவனும் ஓரிடமும் போக முடியாது. அதனால் இங்கே தும்மலுக்குச் சகுனம் கிடையாது. யாராவது தும்மினால் சரக்கு வந்திருக்கிறது, வியாபாரம் நடக்கிறது என்று எடுத்துக்கொள்வோம்.

இந்த வருஷம் தெரு தும்மவே இல்லை. பாஷைவாரியாக ராஜ்யங்களைப் பிரிப்பதில், நவம்பர் முதல் தேதி நாஞ்சில் நாடு சென்னை ராஜ்யத்தோடு போகிறது. நாங்கள் கேரளத்தில் நிற்கிறோம். எல்லையில் சாவடி வரும், ஒரே மூட்டைக்கு இரண்டு வரி கட்ட வேண்டும் என்று ஆளுக்கொரு பேச்சு. யார் சொன்னது என்று கேட்டால் பஸ்ஸில் கேட்டதாகச் சொல்வார்கள். சித்திரையிலிருந்து ஒவ்வொருவராக வாசலில் நிரைப்பலகையை வைத்து அடைத்துவிட்டு நாகர்கோவில் பக்கம் போனார்கள். எதிர்வரிசையில் ஆறு கடையில் ஐந்து அடைப்பு. பக்கத்துக் கடைக் கோலப்பன் போகும்போது, வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு வைக்கச் சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

என் மகள் சிவகாமிக்கு இருபத்திரண்டு முடிகிறது. வந்த இரண்டு வரனும் கடைத்தெருவைப் பார்த்துவிட்டுக் கழன்றுகொண்டன. மூன்றாவது, கோட்டாறு தாணுமாலயப் பிள்ளையின் மகன். பெண்ணைப் பிடித்துவிட்டது, கடையை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார்.

என் மனைவி வடிவாம்பாள் ஒரே ஒரு தடவை சொன்னாள். "கேட்டியளா, உள்ளதச் சொல்லிருங்க. பொறவு தெரிஞ்சா பிள்ளதான் அங்க நின்னு பேச்சுக் கேக்கணும்." நான் எரிந்து விழுந்தேன். அவள் சொன்னது சரியாக இருந்ததால் வந்த எரிச்சல் அது.

ஆயுத பூஜைக்கு மூன்றாம் நாள் வரச் சொல்லி எழுதினேன். அடைத்த கடைகளைப் பற்றிக் கேட்டால் பூஜைக்கு ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். காலையிலேயே கோலப்பன் கடைப் பூட்டைத் திறந்தேன். அதன் நிரைப்பலகைகளில் ஒன்று முதல் பதினொன்று வரை எண் போட்டிருக்கும். வரிசை மாறினால் பொருந்தாது. நேசையன் கழற்றிச் சுவரில் சார்த்தினான். என்னிடம் மிச்சமிருந்த மூட்டைகளில் பாதியை அங்கே அடுக்கினோம். அவன் கூட்டி வந்த சுமட்டுக்காரர்கள் நான்கு பேரும் அதே மூட்டைகளை இங்கிருந்து அங்கேயும் அங்கிருந்து இங்கேயும் சுமந்தார்கள். இடையில் ஒரு அம்மாள் மெய்யாகவே கொத்தமல்லி கேட்டு வந்துவிட்டாள். நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினோம். அந்த வாரத்தில் எட்டிப் பார்த்த ஒரே ஆள் அவள்தான்.

தாணுமாலயப் பிள்ளை தெருமுனையிலேயே தும்மினார். மூன்று தடவை. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"வரும்போதே தும்மல். சகுனம் எப்படி ஓய்?" என்றார்.

"இந்தத் தெருவுல தும்முனா நல்லதுதான் அண்ணாச்சி."

எதிர்வரிசையைப் பற்றிக் கேட்டார். பூஜைக் கதையைச் சொன்னேன். நம்பிவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்து, போகிற மூட்டையையும் வருகிற மூட்டையையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் நகர்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"ஆரியசாலை அவிஞ்சு போச்சுன்னு எங்க பக்கம் சொல்லுகானுவ. வந்து பாத்தாத்தானே தெரியுது. உள்ளதச் சொல்லுகேன் ஓய், எனக்கும் கலக்கந்தான். என் சரக்கு பூரா இந்தப் பக்கந்தான் வாறது. எல்லை வந்தா நான் கோட்டாத்துல ஈ ஓட்டணும். பயலுக்கு இங்க ஒரு கடை போட்டுக் குடுக்கணும். கையில உள்ள அம்புட்டையும் இதுலதான் போடப்போறேன். கடை அமைஞ்சா தை மாசமே கல்யாணம். அமையல்லேன்னா கொல்லத்துல ஒரு சம்பந்தம் கேக்குகாங்க, அங்க கடையும் இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "பக்கத்துல எதாவது கடை ஒழியுமா?"

இங்கிருந்து எல்லோரும் அங்கே ஓடுகிறார்கள். அங்கிருந்து ஒருவர் இங்கே ஓடிவந்து என் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இடுப்பில் செருகியிருந்த கோலப்பன் கடைச் சாவி உறுத்தியது. உள்ளதைச் சொன்னால் சம்பந்தம் போய்விடும். சொல்லாவிட்டால் சிவகாமி இந்தத் தெருவுக்கே வாழ வருவாள். அவள் புருஷன் ஆள் வராத கடையில் உட்கார்ந்திருப்பான். பக்கத்துக் கடையில் நான் அவன் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. வாயைத் திறந்தேன். எதைச் சொல்லத் திறந்தேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது.

தும்மல் வந்தது. முப்பது வருஷம் வத்தலுக்குள் கிடந்தவன் நான். எனக்குத் தும்மல் வருவதே இல்லை. சரக்கில்லாத இந்தச் சில மாதங்களில் மூக்குக்குப் பழக்கம் விட்டுப் போயிருக்கிறது. ஒன்று, இரண்டு என்று அடுக்கடுக்காக வந்து, கண்ணில் நீர் முட்டி, பேச்சே எழும்பவில்லை.

தாணுமாலயப் பிள்ளை சிரித்துக்கொண்டே எழுந்தார். "போதும் ஓய், உத்தரவு கெடச்சாச்சு. நீருதானே சொன்னேரு, இங்க தும்முனா நல்லதுன்னு. கடைய நீரே பாத்து வையும்." என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன். அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ, பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தார்.

அவர் திருப்பத்தில் மறைந்ததும் சுமட்டுக்காரர்கள் மூட்டைகளை நின்ற இடத்திலேயே இறக்கினார்கள். தெருவில் சத்தம் அடங்கிவிட்டது. கோலப்பன் கடை வாசலில் நேசையன் ஒன்றாம் எண் பலகையைத் தூக்கிப் பிடித்தபடி, வைக்கவா வேண்டாமா என்று என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான்.