ரிஃபானா கழற்றிய சைலன்சர்

ரியாசுதீன் சார்ஜாவிலிருந்து விடுப்பில் கோட்டைப்பட்டினம் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வாசலில் நின்ற சின்னக் காரின் சைலன்சர் உப்புக்காற்றில் அரித்துப் பொத்தலாகி, வண்டியைக் கிளப்பினால் தெருவே எட்டிப் பார்த்தது. மறுநாள் அவன் அம்மா பரக்கத் நிஷாவைக் கண் ஆபரேஷனுக்குப் புதுக்கோட்டை கூட்டிப்போக வேண்டும். புது சைலன்சர் வாங்கியாயிற்று. மாட்டித்தர வேண்டிய மெக்கானிக் ஜஸ்டின் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போய்விட்டான்.

“இதுக்கு எதுக்கு மெக்கானிக்?” என்று ரியாசுதீன் கைலியை மடித்துக் கட்டினான். ஜாக்கியை மட்டும் வைத்து வண்டியைத் தூக்கிவிட்டு அவன் காருக்கடியில் நுழையப் போக, மனைவி ரிஃபானா தடுத்து, ஸ்டெப்னி டயரையும் கனத்த கட்டைகளையும் அண்டை கொடுத்த பிறகே விட்டாள்.

குழாயை இணைத்த இரண்டு நட்டுகளும் துருவேறி இறுகிக் கிடந்தன. ஸ்பேனர் வழுக்கி அவன் விரல்முட்டி உரிந்தது. கோபத்தில் சுத்தியலை எடுத்தான்.

“அடிக்காதீங்க மச்சான், முன்குழாயும் ஒடைஞ்சிரும். நகருங்க, நான் பாக்குறேன்.”

“நீயா?”

“நீங்க இல்லாதப்ப பேட்டரி, பெல்ட்டெல்லாம் யாரு பாத்தா?”

போனில் கேட்கும்போதெல்லாம் ‘வண்டி நல்லாத்தான் ஓடுது’ என்று மட்டுமே சொல்லியிருந்தாள்.

கண்ணில் துரு விழாமலிருக்க மாமியாரின் பழைய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

“அதுல எனக்கே ஒண்ணும் தெரியாது, ஒனக்கு என்னத்தத் தெரியப்போகுது?” என்றாள் பரக்கத் நிஷா.

“கண்ணு தப்பிச்சாப் போதும் மாமி, மிச்சத்த கை பாத்துக்கிடும்.”

கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் விட்டு ஊறவைத்து, அசர் தொழுதுவிட்டு வந்தாள். நட்டை முதலில் இறுக்குகிற பக்கம் துளி அசைத்தாள், கிரீச்சென்றது. பிறகு திருப்ப, கழன்று வந்தது. மற்றது மசியவில்லை. ஆக்சா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றி, மல்லாந்தபடியே அறுக்க ஆரம்பித்தாள்.

“நான் அறுக்கவா?”

“நீங்க குழாயத் தாங்கிப் பிடிங்க. இல்லாட்டி என் நெஞ்சுலதான் விழும்.”

பக்கத்தில் படுத்துப் பிடித்துக்கொண்டான். பிளேடு சிக்கினால் நிறுத்தி, எண்ணெய் விட்டு, மறுபடி இழுத்தாள். ஒரு சலிப்பில்லை, ஒரு முணுமுணுப்பில்லை. சார்ஜாவில் கிரேன் ஓட்டும் யார்டில் எத்தனையோ கைகளைப் பார்த்தவன், இப்படியொரு நிதானத்தைப் பார்த்ததில்லை. நட்டு அறுந்தது. சைலன்சரைத் தொங்கவிட்டிருந்த ரப்பர்களைச் சோப்பு நுரை தடவி வழுக்கவிட்டு எடுத்தாள். பழைய சைலன்சர் இருவர் தலையிலும் துருவைக் கொட்டியபடி கீழே வந்தது.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குள் புதியதை மாட்டிச் சாவியைத் திருப்பினாள்.

“என்ன, ஸ்டார்ட் ஆகலையா?” என்றாள் பரக்கத் நிஷா. என்ஜின் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் அறந்தாங்கியில் டீ குடிக்க நின்றபோது ஜஸ்டின் போன் செய்தான்.

“அண்ணே, மன்னிச்சுக்கங்க. வந்ததும் மாட்டித் தாரேன்.”

“நீ மெதுவா வாப்பா. வேலை முடிஞ்சிருச்சு.”

“யாருண்ணே முடிச்சா?”

“என் பொண்டாட்டி!” என்று அவன் சொன்ன சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. ஸ்டியரிங்கில் இருந்த ரிஃபானா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.