குவாரிக்குக் கட்டம் இல்லை

விசாரணை பத்தரைக்கு. நீர்வளத் துறையின் கூட்ட அறைச் சுவரில் கடிகாரம் பத்து இருபத்தொன்று காட்டியது. அது நான்கு நிமிடம் பின்தங்கியிருந்தது. கடிகாரம் பழுதுபார்ப்பவருக்கு அதைத் திருத்தக் கை துறுதுறுத்தது. ஆனால் அன்றைக்கு அவர் வந்தது தூண்டில் சங்கத்தின் செயலாளராக.

ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரி ஒன்றில் மழைநீர் தேங்கிக் குட்டையானது. யாரோ அதில் மீன்குஞ்சு விட்டார்கள். பிறகு சங்கம் வந்தது. இப்போது அதில் மண் கொட்டி மூடி, லாரி நிறுத்துமிடம் ஆக்கப்போகிறார்கள். ஆட்சேபம் இருந்தால் இன்று சொல்லலாம். இன்று விட்டால் அடுத்த வாரம் மண் வரும்.

செயலாளரின் கடையில் நாற்பத்து மூன்று கடிகாரங்கள் ஓடின. அவருக்குத் தெரிந்து எதுவுமே ஓடாத இடம் அந்தக் குட்டை ஒன்றுதான். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் மீன் பிடிக்கப் போவதாகத்தான் சொல்வார்.

சங்கத்தில் பத்தொன்பது பேர். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். கரையில் ஆளுக்கு ஆள் பத்தடி விட்டு உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்பது சங்கத்தின் வழக்கம். இங்கேயும் மூன்று நாற்காலிக்கு ஒருவராக உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்த அதிகாரி அம்மா ஒரு கணம் நின்றார். இவர்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்திருக்க வேண்டும்.

சண்டை போன மாதமே முடிந்திருந்தது. தேசியத் தூண்டில் சம்மேளனத்தில் நீடிப்பதா, விலகுவதா என்று ஓட்டெடுப்பு. விலக வேண்டும் என்று கொடி பிடித்தவர் சலூன்காரர். செயலாளருடைய மனைவியின் தம்பி.

“பதினோரு வருஷமா அதுல இருக்கோம் மச்சான். நமக்கு என்ன அனுப்பியிருக்காங்க?”

“காலண்டர்.”

“காலண்டர்ல என்ன படம்?”

கேட்டவரே பதிலும் சொன்னார்.

“டால்பின். அது மீனே இல்ல. எட்டாவது படிக்கிற என் பொண்ணு சொல்றா.”

“ஒரு கஷ்டம்னா கூட நிப்பாங்க,” என்றார் செயலாளர். “நாம போய் பேசினா பத்தொன்பது பேர் பேச்சு. அவங்க பேசினா நாடே பேசுற மாதிரி.”

“நாடு எப்ப பேசும்?”

“கூப்பிட்டா பேசும்.”

பத்துக்கு ஒன்பது. செயலாளர் ஜெயித்தார். பத்தாவது ஓட்டு அவருடையது. மறுநாளே சம்மேளனத்துக்கு எழுதினார். இரண்டு பதில்கள் வந்தன. முதலாவது: அரசு அலுவலகங்களில் உறுப்பினர் சங்கங்கள் நேரடியாகப் பேசக் கூடாது, விதி பதினான்கு, மீறினால் நீக்கம். இரண்டாவது: பிரதிநிதி வருகிறார்.

பிரதிநிதி பத்து இருபத்தொன்பதுக்கு வந்தார். கோட்டில் தங்க நிற மீன் ஒன்றைக் குத்தியிருந்தார். செயலாளரின் கையைப் பிடித்துக் குலுக்கி, “கவலைய விடுங்க,” என்றார். செயலாளருக்கு உச்சி குளிர்ந்தது. மைத்துனரைத் திரும்பிப் பார்த்தார். சலூன்காரர் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரதிநிதி நன்றாகப் பேசினார். “ஓடுற தண்ணிய நிறுத்த யாருக்கும் உரிமை இல்லைங்க மேடம்,” என்று தொடங்கினார். மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறிப் போய் முட்டையிடுவதைச் சொன்னார். தடுப்பணைகள் அதைக் கெடுப்பதைச் சொன்னார். இரு கரை மரங்களையும் சொன்னார். பின்வரிசையில் சங்கத்துப் பெயிண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாலாவது நிமிடத்தில்தான் அந்த நதி எங்கிருந்து வந்தது என்று செயலாளருக்குப் புரிந்தது.

சம்மேளனத்துக்கு வருடாவருடம் அனுப்பும் படிவத்தில் ‘நீர்நிலை’ என்ற இடத்தில் இரண்டே கட்டங்கள். நதி. கடல். முதல் வருடம் அவர் இரண்டுக்கும் நடுவே ‘கல்குவாரி’ என்று எழுதினார். படிவம் திரும்பி வந்தது. மறுபடி எழுதினார். மறுபடி வந்தது. மூன்றாம் தடவை ஒரு மதியம் முழுக்க யோசித்து, நதிக்கு டிக் போட்டார். கடலைவிட அது பக்கம் என்று பட்டது. பிறகு பத்து வருடமும் அதே கட்டம். கை பழகிவிட்டது. இதையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பன்னிரண்டு நிமிடத்தில் பிரதிநிதி முடித்தார். அதிகாரி அம்மா பேனாவை மூடினார்.

“எந்த நதி?”

பிரதிநிதி கோப்பைப் புரட்டினார். “இவங்க நதிதான் மேடம்.”

“இது குவாரிங்க. அந்தத் தண்ணி எங்கேயும் ஓடாது. ஓட இடமில்ல.”

“எங்க பதிவேட்டுல நதின்னுதான் இருக்கு. செயலாளரே கையெழுத்துப் போட்டிருக்கார்.” தூக்கிக் காட்டினார். பதினோரு படிவங்கள்.

“சரி. குவாரியப் பத்தி உங்க சம்மேளனம் என்ன சொல்லுது?”

பிரதிநிதி யோசித்தார். “பதிவுல இல்லாத தண்ணியப் பத்தி நாங்க கருத்துச் சொல்றதில்ல மேடம்.”

“ஆட்சேபம் இல்லைன்னு போட்டுக்கட்டுமா?”

“கருத்து இல்லைன்னு போடுங்க.”

“அதுக்கு இதுல கட்டம் இல்ல. ஆட்சேபம் உண்டு, இல்ல. ரெண்டுதான்.”

இல்லை என்ற பக்கமாகப் பிரதிநிதி தலையாட்டினார். பிறகு உட்கார்ந்து, செயலாளரின் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.

அதிகாரி அம்மா நிமிர்ந்தார். “வேற யாராவது?”

ஒன்பது பேரும் எதிர்ச்சுவரைப் பார்த்தார்கள். நாள் முழுக்க அவர்களால் அப்படி இருக்க முடியும். சுவர்க் கடிகாரம் பத்து நாற்பத்தொன்று. உண்மையில் பத்து நாற்பத்தைந்து.

சலூன்காரர் எழுந்து வந்து செயலாளரின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சங்கம் தொடங்கியதிலிருந்து இரண்டு உறுப்பினர்கள் இவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்ததில்லை.

“மச்சான். தக்கை முங்கிடுச்சு. மீன் கடிக்குது.”

“விதி பதினாலு.”

“டால்பினுக்கெல்லாம் பயந்தா எப்படி? இழுங்க.”

செயலாளர் எழுந்தார். பிரதிநிதி அவருடைய சட்டைக் கையைப் பிடித்தார்.

“நீங்க பேசினா சம்மேளனத்துல இருக்க முடியாது சார். உட்காருங்க.”

குரலில் கோபம் இல்லை. கையெழுத்து விட்டுப்போன இடத்தைக் காட்டுவது போலத்தான் சொன்னார்.

செயலாளர் உட்காரவில்லை. “அது குவாரிதான் மேடம்,” என்றார். “நதின்னு போட்டது நான்தான்.”

அதிகாரி அம்மா பேனாவைத் திறந்தார்.

“பேசுங்க. யார் சார்பான்னு எழுதட்டும்?”