மேசையில் மூன்றில் ஒரு பங்கு

புது வீட்டு அறையில் சுவரிலிருந்து மூன்றடிதான் மேசைக்கு இடம். அதற்குமேல் ஓர் அங்குலம் நீட்டினாலும் கதவு திறக்காது. மேசையோ நான்கடி விட்டமுள்ள வட்டம், நடுவில் ஒற்றைக் கால். தன் மகளுக்கு மூன்று வயதானபோது தச்சர் தன் கையால் செய்தது. ஊருக்கெல்லாம் கதவு வைக்கிறவருக்குச் சொந்த வீட்டுக் கதவு திறக்காதாம் என்று அவர் மனைவி சொன்னாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் கேலி. இருவருமே சிரிக்கவில்லை.

மகள் காய்ச்சலில் போய் எட்டு மாதம். பதின்மூன்று வயது. ஓயாமல் பேசுவாள் என்று சில்வண்டு என்றே கூப்பிடுவார்கள். பழைய வீட்டில் அவள் அறையைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போக வேண்டும். தாண்ட முடியாமல்தான் வீட்டை மாற்றுகிறார்கள்.

விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே தள்ளி நேராக அறுத்துவிட்டால், அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டிவிடலாம் என்றார் தச்சர். மேசையை வண்டியில் ஏற்றுமுன் நூல் பிடித்துப் பார்த்தார். நூலின் இரு முனைகளும் விளிம்பில் மிகச் சரியாக மூன்றில் ஒரு பங்கை வளைத்துக்கொண்டு நின்றன. நாற்காலிகளும் மூன்று. யாரும் உட்காராத பக்கம் என்று கை தானாகச் சில்வண்டின் பக்கம் போயிருந்தது.

மனைவி நூலையே பார்த்தாள்.

“அவ பங்கு முழுசும் போயிடுமா?”

தச்சர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். மையத்திலிருந்து நூலின் இரு முனைகளுக்கும் கோடு இழுத்தார். இந்தத் துண்டு முழுவதும் அவள் பங்கு, நாலேகால் சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு என்றார். ஆனால் நூலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் முக்கோணம் மேசையிலேயே தங்கிவிடும், அது ஒன்றேமுக்கால். கழித்துப் பார்த்தால், போவது வில்போல் வளைந்த இந்த ஓரம் மட்டும். இரண்டரை சதுர அடிகூட வராது. மொத்த மேசையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஏதோ மீட்டுக்கொடுத்த நிம்மதி இருந்தது.

அவள் முக்கோணத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“இங்க தண்ணி ஜாடிதாங்க இருந்துச்சு.”

பிறகு கையை ஓரத்துக்கு நகர்த்தினாள். கவராயம் குத்திய துளைகள், மைக்கறை, பால்பல்லால் கடித்த விளிம்பு.

“அவ இருந்தது இங்க.”

தச்சர் நூலை எடுத்தார். மேசையைச் சுற்றிக் கொண்டுபோய்த் தன் பக்கத்தில் கட்டினார். வட்டத்தில் எந்தப் பக்கம் அறுத்தாலும் அளவு ஒன்றுதானே என்று முணுமுணுத்துக்கொண்டே ரம்பத்தை எடுத்தார்.

புது வீட்டில் மேசை அளவெடுத்தாற்போல் சுவரோடு பொருந்தியது. கதவும் திறந்தது. சாப்பிட உட்காரும்போதுதான் கணக்கில் வராத ஒன்று தெரிந்தது. மேசைக்கு இப்போது இரண்டே பக்கம்: ஒன்று மனைவியுடையது, மற்றது மகளுடையது. இடுப்பு வலிக்கிறது, உட்கார முடியவில்லை என்று சொல்லி, தச்சர் தட்டைக் கையில் ஏந்தி, கதவு நிலையில் சாய்ந்து நின்று சாப்பிட்டார். மறுநாளும் அப்படித்தான். நான்கு நாட்கள் இடுப்பு வலி போகவில்லை.

ஐந்தாம் நாள் மனைவி மகளின் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க. அவ ஒண்ணும் சொல்லமாட்டா.”

அவர் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். முதல் கவளம் வாய்க்குப் போகும்வரை அவள் தன் தட்டைத் தொடாமல் காத்திருந்தாள்.