புதன்கிழமை அறை

புதன்கிழமைச் சட்டையில் கிரீஸ் இல்லை. துவைக்கப் போடும்போது மூன்றாவது வாரமாக இதைக் கவனித்தாள். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். மற்ற நாள் சட்டைகளின் கைமடிப்பில் கறுப்பு ஏறியிருக்கும். ஊறவைத்துத் தேய்த்தாலும் முழுசாகப் போகாது. இது மட்டும் காலையில் போட்ட மடிப்புகூடக் கலையாமல் இருந்தது. முகர்ந்து பார்த்தாள். புதிதாக எந்த வாசனையும் இல்லை. அதுவும் உறுத்தியது.

அவளுக்குப் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. முகம் தெரியாத வாய்களின் அச்சுகள் தினமும் வரும். மெழுகில் பற்களைப் பதித்து, மேல்வரிசை கீழ்வரிசைமேல் சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பாள். காகித அளவு இடைவெளி இருந்தாலும் விரல் கண்டுபிடித்துவிடும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். மகள் விடுதியில் தங்கிப் படிக்கப் போனதிலிருந்து அந்த விரல் வீட்டிலும் துழாவிக்கொண்டிருந்தது. அவன் பேச்சு குறைந்திருந்தது. டிவி முன்னால் உட்கார்ந்திருப்பான், என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது. புதன்கிழமை சாயங்காலம் மட்டும் முகம் கழுவிவிட்டதுபோல் தெளிந்திருக்கும்.

கூடத்திலிருந்தே அவன் கம்பெனிக்குப் போன் செய்தாள்.

"புதன்கிழமை அவருக்கு ஆபீஸ்ல கணக்கு வேலை மட்டும்தாம்மா, மத்தியானத்தோட முடிஞ்சிரும். எட்டு மாசமா அப்படித்தானே," என்றது ஒரு குரல். பிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல் இருமியது.

பக்கத்து மேஜையில் பிளாஸ்டர் கலக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். கூடத்தில் எல்லாருக்கும் அவள் பிளாஸ்டரக்கா.

"நேர்ல போய்ப் பாத்துடு. உள்ளுக்குள்ளயே வெந்துக்கிட்டிருந்தா உனக்குத்தான் கேடு."

அடுத்த புதன் பாதி நாள் லீவு போட்டாள். கம்பெனி வாசலிலிருந்து அவன் பஸ் ஏற, அவள் பின்வாசல் வழியாக ஏறி ஆட்களுக்கு நடுவே நின்றுகொண்டாள். இறங்கி ஒரு பேக்கரியில் ஏதோ வாங்கினான். ஒருத்தருக்கா, இரண்டு பேருக்கா? பொட்டலத்தின் கனத்தைத் தூரத்திலிருந்தே அளந்தாள். பிறகு குறுகலான தெரு, காரை பெயர்ந்த மாடிக் கட்டடம். அவன் மேலே போனதும் கீழே இருந்த சலவைக் கடைக்காரரிடம் கேட்டாள்.

"மூணாவது மாடியா? தனியாத்தான் வருவாரு. யாரும் வந்து நான் பாத்ததில்லம்மா."

ஆம்பளைக்கு ஆம்பளை வக்காலத்து, என்று நினைத்துக்கொண்டே படியேறினாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு பெண்ணை உருவாக்கினாள். சின்னவள், பெரியவள், புருஷனை இழந்தவள், கூட வேலை பார்ப்பவள். கதவைத் தட்டும்போது எல்லோரையும் திட்ட வார்த்தை தயாராக இருந்தது.

அவன்தான் திறந்தான். திடுக்கிடக்கூட இல்லை. வழிவிட்டு நின்றான்.

ஒரு நாற்காலி. ஒரு பாய். தண்ணீர் சுட வைக்கும் கெட்டில், ஒரு டம்ளர், பேக்கரிப் பொட்டலத்தில் ஒரே ஒரு பன். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் சுவர், வேறொன்றுமில்லை. பாயைப் புரட்டினாள். அலமாரியைத் திறந்தாள், வெறும் காகிதம் விரித்திருந்தது. குளியலறையில் பாதி கரைந்த சோப்பில் ஒட்டியிருந்த முடியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். குட்டை முடி, நரைத்தது. அவனுடையதுதான்.

"யாரு அவ?"

"யாரும் இல்ல."

"அப்ப எதுக்கு இது?"

"சும்மா உக்காந்திருப்பேன். ரெண்டு மூணு மணி நேரம்."

"அதை வீட்ல உக்கார முடியாதா?"

அவன் யோசித்தான். "வீட்ல உக்காந்தா, என்ன யோசிக்கிறீங்கன்னு கேப்ப."

"கேட்டா தப்பா?"

"தப்பில்ல. பதில் சொல்லணும்ல."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கொண்டுவந்திருந்த வார்த்தைகள் எதுவும் உதவவில்லை. ஒருத்தி இருந்திருந்தால் முடியைப் பிடித்து இழுத்திருக்கலாம், மகளுக்குப் போன் செய்து அழுதிருக்கலாம், பெட்டியைக் கட்டியிருக்கலாம். ஒருத்தியும் இல்லாமல், தன்னிடமிருந்து தள்ளி இருக்க மட்டும் ஒரு அறை பிடித்திருக்கிறான் என்பதை எப்படி யாரிடம் சொல்வது?

"வேணாம்னா விட்டுடறேன்," என்றான்.

விட்டுவிடுவான். வீட்டில் டிவி முன்னால் வந்து உட்கார்ந்து, அங்கேயே இல்லாமல் போவான். "என்னை விட்டுப் போகணும்னு நினைக்கிறீங்களா?"

"தெரியல," என்றான். எட்டு மாதமாக அவன் சொன்னதில் அது ஒன்றைத்தான் அவளால் சந்தேகிக்க முடியவில்லை.

மறுநாள் பிளாஸ்டரக்காவுக்கு ஒரே சிரிப்பு. "பொம்பள இல்லேல்ல? விடு, சாமியாரா போகாம இருந்தா சரி." அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மெழுகைச் சூடாக்கி ஒரு கிழவரின் முன்பற்களை நிமிர்த்தினாள். இவை யாரைப் பார்த்துச் சிரிக்கும் என்று முதன்முறையாக யோசித்தாள்.

அந்த வாரம் முழுக்க அவர்கள் பேசிக்கொண்டது காய்கறி பற்றித்தான். செவ்வாய்க்கிழமை அவள், "நாளைக்குச் சாவியை என்கிட்ட குடுங்க," என்றாள். ஏன் என்று கேட்க வாய் திறந்தவன், கேட்காமல் எடுத்துக் கொடுத்தான்.

புதன் மத்தியானம் தனியாகப் போய்க் கதவைத் திறந்தாள். முதலில் மறுபடி தேடினாள். பாயடி, அலமாரி மூலை, கெட்டிலுக்குள்கூட. பாயை முகர்ந்தாள். பிறகு தேட ஒன்றும் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிர்ச்சுவரில் தண்ணீர் ஒழுகிய கறை ஒன்று மேலிருந்து கீழே இறங்கியிருந்தது. அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்க ஆளில்லை. காலை நீட்டிக்கொண்டாள். செருப்பு தானாகக் கழன்றது. மணி பார்த்தபோது ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. அது இத்தனை சுகமாக இருந்ததே அவளை லேசாகப் பயமுறுத்தியது.

அப்போது படியில் காலடி கேட்டது. இரண்டாம் மாடி, பிறகு மூன்றாவது. பழகிய நடைதான். கதவுக்கு வெளியே நின்றது. தட்டவில்லை.

அவள் எழுந்திருக்கவில்லை. கதவுக்கடியில் கோடாக விழுந்திருந்த வெளிச்சம் இரண்டு இடத்தில் மறைந்திருந்தது. ஒரு கால் எடை மாற்றி நின்றபோது மறைவும் கொஞ்சம் நகர்ந்து, மறுபடி அசையாமல் நின்றது.