பணிய பீலியில் வந்த மஞ்சள்

காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டுக்களத்தில் தப்புச் சத்தம் ஓய்ந்து கால்மணி நேரம்கூட ஆகவில்லை. பனிமூட்டம் இன்னும் ஓடையை விட்டு எழும்பவில்லை. அதற்குள் பதினெட்டு ஆண்கள் இடுப்பளவு பள்ளத்தில் இறங்கி, அலவாங்கும் மண்வெட்டியுமாக மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். தலையில் சாக்குக் கொங்காணி, முழங்கால் வரை சேறு, கணுக்காலில் அட்டை. அட்டையைப் பிடுங்கி எறியக்கூட யாருக்கும் நேரமில்லை. ஆளுக்கு எட்டு அடி நீளம் தோண்டினால்தான் முழுப் பேர் விழும். ஓர் அடி குறைந்தாலும் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம்.

சிவசாமி அலவாங்கை ஓங்கிக் குத்தினான். அது மண்ணில் இறங்காமல் கணீரென்று கல்லில் பட்டது. குனிந்து கையால் சேற்றை வழித்துப் பார்த்தான். உருண்டைக் கற்கள். பெரியது அடியிலும் சிறியது மேலுமாக, பார்த்துப் பார்த்து நெருக்கி அடுக்கிய கற்கள்.

"என்னண்ணே, பாறையா?" என்றான் பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த வீரய்யா.

"பாறை இல்ல. கல்லு" என்றான் சிவசாமி. அந்தக் கற்களை அடுக்கியவன் அவன்தான். ஏழு வருடத்துக்கு முன்னால், ஒரு மாதம் முழுக்க, பெரட்டுக்குப் போகும் முன்பு ஒவ்வொரு கல்லாகத் தூக்கி வந்து அங்கே ஓடிய கானை, அந்தச் சிறு வாய்க்காலை மூடினான். மேலே மண் போட்டு மானாப்புல்லும் காட்டேலக்காயும் நட்டான். ஏன் இந்த ஆள் ஆத்தோரத்தில் கிடந்து சாகிறான் என்று கேட்டவர்களுக்கு, மண் சரியாமல் இருக்கட்டும் என்று சொல்லிவைத்தான். மூடியது மூடியபடி கிடக்கும் என்றுதான் நம்பியிருந்தான். இப்போது கற்களுக்கு நடுவே இருந்த நண்டு வளையிலிருந்து தண்ணீர் கசிந்து அவன் காலை நனைத்தது.

மேட்டு லயத்து வரிசை வீடுகளுக்கும் பங்களாவுக்கும் புதுக் கக்கூசு கட்டி, அதன் கழிவைக் குழாயில் இறக்கி, மலையடிவாரத்துக் குழியில் விடுவதென்று திட்டம். மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து வந்த அளவைக்காரர் ஓடையிலிருந்து அறுபது அடி தள்ளி, தேயிலைக்கு ஊடாகச் சிவப்பு முளை அடித்துவிட்டுப் போனார். ஓடையின் இரண்டு கரையிலும் செழித்துக் கிடந்த ஆத்துக்காட்டில் மண்வெட்டி படக்கூடாது என்று சொல்லியும் போனார். அவருடைய பஸ் வளைவு திரும்பியதோ இல்லையோ, முளைகளெல்லாம் தேயிலையை விட்டு எழுந்து ஓடைக்கரைக்கு வந்துவிட்டன. தேயிலைக்குள் போனால் நானூறு செடி பிடுங்க வேண்டும், அது தோட்டத்தை நடத்தும் துரைக்கு ஆகாது. பாறை உடைக்க வேண்டும், அது வேலையைக் கொந்தரப்புக்கு எடுத்துச் செய்விக்கும் பொன்னையாவுக்கு ஆகாது. ஆத்துக்காட்டு மண் வெண்ணெய் போல வெட்ட வரும். அந்த ஓடை ஐந்நூறு அடி கீழே, தாழ்வில் இருக்கும் பணிய லயத்தின் தண்ணீர்ப் பீலியாக விழுகிறது, அறுபது குடும்பம் அதைத்தான் குடிக்கிறது என்பது மட்டும் இரண்டு பேருடைய கணக்கிலும் இல்லை.

சிவசாமிக்கு அது மறக்கிற விஷயமா?

எழுபத்து நாலாம் வருடம். பாணுக்கும் மாவுக்கும் தோட்டமே அலைந்த காலம். மேட்டு லயத்துப் பழைய கக்கூசுத் தண்ணீர் மலையைச் சுற்றித் தரிசு நிலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கான் தூர்ந்துவிட்டது என்று, அப்போது வேலையை மேற்பார்த்த கண்டாக்கு குறுக்கே ஒரு புதுக் கான் வெட்டச் சொன்னார். வெட்டினால் முழுப் பேரோடு இரண்டு கொத்து மாவு. சிவசாமி ஒரே நாளில் வெட்டி முடித்தான். ஓடைக்கு எட்டடி பக்கத்தில் கொண்டுபோய் விட்டான். மண் உறிஞ்சிக்கொள்ளும் என்று நினைத்தான். அன்று வீட்டில் ரொட்டி சுட்டார்கள்.

அடுத்த வாரம் மாரியம்மன் திருவிழா. மஞ்சள் நீராட்டு முடிந்து, பீப்பாயில் மீந்த மஞ்சள் தண்ணீரை இளவட்டங்கள் பக்கத்துக் கானில் கவிழ்த்தார்கள். அது அவன் வெட்டிய கான். மண்வெட்டி கழுவப் பணிய பீலிக்குப் போயிருந்த சிவசாமியின் கண்ணெதிரே, பீலித் தண்ணீர் மெல்ல மெல்ல மஞ்சளாக மாறியது.

"ஆத்தா எறங்கிட்டா" என்று ஒருத்தி கத்தினாள். அவ்வளவுதான், லயமே ஓடிவந்தது. கையெடுத்துக் கும்பிட்டார்கள், அள்ளிக் குடித்தார்கள், பிள்ளைகளைத் தூக்கிவந்து பீலிக்கு அடியில் நிறுத்தினார்கள். மார்கிரட் வேதக்காரி. அவளும் தன் மூன்று வயதுப் பெற்றீசியாவைத் தூக்கி வந்தாள். "மாரி என்ன, மாதா என்ன, புள்ளைக்கு நல்லது நடந்தாச் சரி" என்று சிரித்துக்கொண்டே மஞ்சள் தண்ணீரை வாரி வாரிப் பிள்ளையின் தலையில் ஊற்றினாள். பிள்ளை வாயைத் திறந்து ஏந்திக் குடித்தது.

சிவசாமிக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. மஞ்சள் வந்த வழியில் மற்றதும் வரும். சொல்ல வாயெடுத்தான். சாமி வந்தது என்று கும்பிடுகிறவர்களிடம், அது கக்கூசுக் கான் என்று எப்படிச் சொல்வது? வெட்டியவன் நான்தான் என்று எப்படிச் சொல்வது? மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

மூன்று வாரத்துக்குள் பணிய லயத்தில் வயிற்றோட்டத்தில் ஒன்பது பிள்ளைகள் போய்விட்டன. நான்காவது சவப்பெட்டி பெற்றீசியாவுக்கு. அந்தச் சாவுகளுக்குப் பின்தான் அவன் பழைய கானைத் தூர்வாரித் தண்ணீரை அதிலேயே திருப்பிவிட்டு, தான் வெட்டியதைக் கல் அடுக்கி மூடினான். அதற்குப் பிறகு சிவசாமி பணிய பீலிப் பக்கம் போனதில்லை. மழைத் தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடினாலும் அவன் கண்ணுக்கு மஞ்சளாகத்தான் தெரியும். தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு நடுவே ஒரு பிள்ளை மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் கேட்கும்.

"என்னா சிவசாமி, கல்லப் பாத்துக் கனாக் காணுறியா?" பள்ளத்து மேட்டில் குடையோடு பொன்னையா நின்றிருந்தார்.

"மொதலாளி, முளை தேயிலைக்குள்ள இருந்துச்சுங்களே. ஏன் ஆத்தோரத்துக்கு வந்துச்சு?"

"முளை எங்க இருந்தா ஒனக்கென்ன? ஒனக்கு எட்டு அடி. அதப் பாரு."

"மேல போட்ட குழாயில மூட்டுக்குச் சீமெந்து வைக்கலிங்க. களிமண்ண அப்பியிருக்காங்க. கசியுமுங்க."

"மண்ணுக்குள்ள போறத யாரு பாக்கப் போறா?" என்று பொன்னையா சிரித்தார்.

சிவசாமி அலவாங்கைப் பள்ளத்துச் சுவரில் சாய்த்துவைத்தான். "நான் வெட்ட மாட்டேங்க."

"அப்ப அரைப் பேரும் இல்ல."

"சரிங்க" என்று மேலே ஏறிவிட்டான். பதினேழு பேரும் வேலையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். யாரும் கூட வரவில்லை.

மலையில் கொழுந்து நிறுத்துப்போட்டுவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு வந்த அவன் மனைவி நாகலெட்சுமி, விஷயத்தைக் கேட்டதும் கூடையைத் தொப்பென்று போட்டாள்.

"இருந்த ஒத்தக் கக்கூசும் பத்தாம, அதுவும் இடிஞ்சு போயி, பன்னண்டு வருசமாக் கக்கூசு கேட்டுக் கேட்டு வாங்கியிருக்கோம். பொம்பளைங்க இருட்டுக்குள்ள தேயிலைக்குள்ள போயி அட்டைக்கும் பாம்புக்கும் பயந்து குந்துறது ஒங்களுக்குத் தெரியுமா? இப்ப வந்து வெட்ட மாட்டேன்னா என்னாங்க அர்த்தம்? பணிய லயத்துக்காரங்க பாடு அவங்க பாடு."

சிவசாமி அடுப்படியில் உட்கார்ந்தான். ஏழு வருடம் மறைத்துவைத்திருந்ததை அவளிடம் சொன்னான். மாவையும் சொன்னான். அன்று சுட்ட ரொட்டியையும் சொன்னான்.

அந்த ரொட்டியை நாகலெட்சுமியும்தானே தின்றாள். பிறகு எழுந்து, மாடத்திலிருந்த மஞ்சள்தூள் பொட்டலத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"மொதல்ல மார்கிரட்டுக்கிட்டப் போயிச் சொல்லுங்க. அப்புறம் இதக் கரைச்சுப் புதுக் குழாயில ஊத்திக் காட்டுங்க. மேட்டு லயத்துல நான் சொல்றேன்."

பணிய லயத்துக்கு இறங்கும் படிக்கட்டில் அவன் கால் நான்கு தடவை நின்றது. மார்கிரட் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். அவள் புருஷன் இக்னேசியஸ், பணிய லயத்துச் சங்கத் தலைவர், பக்கத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். சிவசாமி உட்காரவில்லை. பழைய கானையும், காலையில் குழாயில் மஞ்சள் ஊற்றிக் காட்டப்போவதையும் நின்றபடியே சொன்னான். சொல்லச் சொல்ல மார்கிரட்டின் கத்தி விறகிலேயே நின்றுவிட்டது.

இக்னேசியஸ் எழுந்து அவன் சட்டையைப் பிடித்தார். சிவசாமி கையைக்கூடத் தூக்கவில்லை.

"விடுங்க" என்றாள் மார்கிரட். அவள் குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "ஏழு வருசமா மாதாகிட்ட ஒரே கேள்விதான் கேட்டுக்கிட்டிருக்கேன். நான் என்னா பாவம் செஞ்சேன், இன்னொரு சாமிய நம்பி எம்புள்ளைய அந்தத் தண்ணியில நிறுத்துனேனே, அதுக்கா தண்டனைன்னு. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அந்தத் தண்ணியக் குடிக்காதன்னு நீ சொல்லியிருந்தா என்னா?"

"பயந்துட்டேன்."

"இப்ப?"

"இப்பவும் பயந்தான். ஆனா அதே எடத்துல மறுபடி வெட்டச் சொல்றாங்க தங்கச்சி."

"என்னையத் தங்கச்சின்னு கூப்புடாத." அவள் கத்தியை விறகிலிருந்து பிடுங்கினாள். "ஒன்னைய மன்னிச்சேன்னு நெனைக்காத. ஆனா காலைல ஊத்து. எல்லாரும் பாக்குற மாதிரி ஊத்து."

மறுநாள் தப்பு அடிக்கும் முன்பே பணிய லயம் முழுவதும் பீலிக்கரையில் நின்றது. நாகலெட்சுமி என்ன சொன்னாளோ, மேட்டு லயத்திலிருந்தும் பெண்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சாரிசாரியாக இறங்கி வந்தார்கள். பள்ளம் வெட்டும் மற்றவர்களும் வந்தார்கள். மேலே, புதைத்த குழாயின் வாயில் சிவசாமியும் வீரய்யாவும் மூன்று வாளி மஞ்சளைக் கரைத்து ஊற்றினார்கள். ஊற்றிவிட்டுச் சிவசாமி கீழே வந்தான். ஏழு வருடத்துக்குப் பிறகு அந்தப் பீலியின் முன்னால் நின்றான்.

தண்ணீர் வெள்ளையாக விழுந்தது. பனிமூட்டத்தில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. வராமல் போய்விட வேண்டும் என்று அவன் மனம் வேண்டிக்கொண்டது. வந்துவிட வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டது. இரண்டு வெற்றிலை போடும் நேரம் போயிருக்கும். பீலியின் விளிம்பில் ஒரு நூல்போல மஞ்சள் தெரிந்தது. நூல் கயிறானது. பிறகு தண்ணீரே மஞ்சளானது.

இந்தத் தடவை யாரும் கும்பிடவில்லை. ஒரு கிழவர் மட்டும் பழக்கத்தில் கையைக் கூப்பப் போய், பாதியில் இறக்கிக்கொண்டார். முன்னால் நின்ற தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்து முந்தானைக்குள் மறைத்தார்கள். மார்கிரட் பீலிக்கு அடியில் இருந்த வெறும் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கல்லில்தான் பெற்றீசியா நின்றாள்.

தப்பு அடித்தும் ஆள் வராததால் துரையின் ஜீப் வந்தது. பின்னால் பொன்னையாவும் இறங்கினார்.

"என்ன இது? வேலைக்குப் போகாம இங்க என்ன கூட்டம்?"

இக்னேசியஸ் முன்னால் வந்தார். "தொரை, மேல குழாயில ஊத்துன மஞ்ச இங்க வருதுங்க. கக்கூசு தொறந்தா அதுவும் இங்கதான் வரும். குழாய் மொதல்ல முளை அடிச்ச வழியாப் போகணும். மூட்டுக்குச் சீமெந்து வைக்கணும். ஆத்துக்காட்டுல கை வைக்கக்கூடாது."

"அந்த வழியில நானூறு தேயில மரம் இருக்கு. அது என்ன ஒங்க அப்பன் வீட்டுதா?"

"அப்பன் வீட்டுது இல்லிங்க தொரை. ஆனா நட்டது எங்க அப்பனுங்கதான்" என்றார் இக்னேசியஸ்.

துரையின் முகம் சிவந்தது. "நல்ல தண்ணிதான் இது. கொஞ்சம் மஞ்சள்தான். சும்மா பயப்புடுறீங்க."

மார்கிரட் தகரக் கோப்பையில் பீலித் தண்ணீரைப் பிடித்துக் கொண்டுவந்து நீட்டினாள். "இதுல இன்னைக்கு மஞ்ச மட்டுந்தான் தொரை. கக்கூசு இன்னும் தொறக்கல. குடிங்க."

கோப்பை நீண்டபடியே இருந்தது. துரை அதைப் பார்த்தார், பொன்னையாவைப் பார்த்தார். பொன்னையா குடையை விரித்து மடக்கினார். யாரும் குடிக்கவில்லை.

துரை மேட்டு லயத்துப் பெண்கள் பக்கம் திரும்பினார். "கக்கூசு ஒங்களுக்குத்தான் கட்டுறோம். இந்த ஆளுக பேச்சக் கேட்டா வேலைய நிறுத்திருவேன். பிறகு கக்கூசே இல்ல."

இந்த இடத்தில்தான் கூட்டம் உடையும் என்று அவர் எதிர்பார்த்தார். சிவசாமியும் அதற்குத்தான் பயந்தான்.

நாகலெட்சுமி சொன்னாள்: "எங்களுக்குக் கக்கூசு வேணுங்க தொரை. பன்னண்டு வருசமா வேணும். ஆனா எங்க அழுக்க இவங்க புள்ளைக வாயில ஊத்துற கக்கூசு வேணாம். வழிய மாத்துங்க. மாத்துற வரைக்கும் நாங்களும் மலைக்குப் போகல."

"பொலிஸ் வரும். வெளி ஆள் கொண்டுவந்து வெட்டுவேன். ஒவ்வொருத்தன் பேரும் வெட்டுப்படும்" என்று சொல்லிவிட்டுத் துரை ஜீப்பில் ஏறினார். ஜீப் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போனது. பொலிஸ் வரத்தான் செய்யும். அது எல்லோருக்கும் தெரியும். அடுப்பில் எத்தனை நாளைக்கு மாவு இருக்கிறது என்பதும் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

இருந்தும் யாரும் கலையவில்லை. முதலில் வீரய்யா போய் ஓடைக்கரையில் நின்ற சிவப்பு முளையொன்றைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டான். பிறகு ஒவ்வொருவராகப் பிடுங்கினார்கள். மேட்டு லயமும் பணிய லயமும் ஒரே வரிசையாக, முளைகளைச் சுமந்துகொண்டு தேயிலைக்குள் ஏறின. அளவைக்காரர் முதலில் முளை அடித்த குழிகள் இன்னும் மண் மூடாமல் அங்கே கிடந்தன.

சிவசாமி முதல் குழியின் முன்னால் முழங்காலிட்டான். அடிக்கக் கனமான கல் கிடைத்தது. ஆனால் முளை ஈர மண்ணில் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. ஒரு கையால் பிடித்து மறு கையால் அடிக்க முடியவில்லை. கல்லைத் தூக்கவே இரண்டு கையும் வேண்டியிருந்தது.

அப்போது எதிர்ப்பக்கம் ஒருத்தி வந்து குந்தினாள். மார்கிரட். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் முளையை இறுக்கிப் பிடித்து நேராக நிறுத்தினாள். அவள் விரல்கள் மஞ்சளாக இருந்தன.

கல்லை ஓங்கிய சிவசாமி தயங்கினான். கொஞ்சம் தவறினாலும் அவள் கையில்தான் விழும்.

"அடி" என்றாள் மார்கிரட். "நான் புடிச்சிருக்கேன்."

அவன் அடித்தான். கீழே, ரோட்டு வளைவில் ஜீப் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் அடுத்த குழியைத் தேடிப் போனார்கள்.