லி ஒட்டிய வாக்குமூலம்

அந்த டைப்பிங் கடையில் அவளுக்கு ‘லி மேடம்’ என்று பெயர் வைத்தது ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் நிற்கிற பெண். சும்மா வைக்கவில்லை. ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரியாமல் வருகிறவர்களிடம் விஷயத்தைக் கேட்டு, தானே எழுதி, தட்டச்சு செய்து கொடுப்பது இவளுடைய வேலை. இவளுடைய இலக்கணம் முழுவதும் ஒரே சூத்திரத்தில் அடங்கிவிடும். தமிழில் ‘ஆன’ என்று முடிந்தால் அது பெயரடை, ஆங்கிலத்தில் தொடாமல் விட்டுவிட வேண்டும். ‘ஆக’ என்று முடிந்தால் வினையடை, வாலில் ஒரு ‘லி’ ஒட்டிவிட வேண்டும். மெதுவான நடை என்றால் ‘ஸ்லோ’. மெதுவாக நடந்தான் என்றால் ‘ஸ்லோலி’. வேகமாக என்பதற்கு ‘ஃபாஸ்ட்லி’ என்று எழுதி எத்தனை மனுக்கள் போயினவோ, கடவுளுக்கே வெளிச்சம். மனுவையே கண்டுகொள்ளாத அலுவலகங்கள் ‘லி’யையா கண்டுகொள்ளப் போகின்றன? இத்தனை வருஷத்தில் ஒரு மனுகூடப் பிழை என்று திரும்பி வந்ததில்லை.

அவளுடைய கணவன் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். முன்னால் நீட்டியிருக்கும் இரண்டு இரும்புக் கைகளால் சரக்குப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகிற வண்டி அது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சரிவில் இறங்கிய வண்டி நிற்காமல் போய், பெட்டிகளில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த பெரியவரின் பாதத்தை நசுக்கிவிட்டுத் தூணில் மோதியது. ஆஸ்பத்திரியில் பாதத்தை எடுத்துவிட்டார்கள். மோதிய வேகத்தில் வண்டியின் பிரேக் குழாயும் அறுந்துபோனது. அதற்கு முன்னால் பிரேக் பிடித்ததா இல்லையா என்று இனிமேல் யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. ஓட்டினவன் வாயால் சொன்னால்தான் உண்டு.

கம்பெனியின் முதலாளிகள் வேறு தேசத்தில் இருந்தார்கள். அதனால் வாக்குமூலம் ஆங்கிலத்தில் வேண்டும் என்றார்கள். அன்று மதியமே அவன் கடைக்கு வந்து, மனு எழுத வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

“பிரேக் போட்டீங்களா?” என்று கேட்டாள்.

“போட்டேன்.”

“பலமா அழுத்தினீங்களா?”

அவன் ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தான். “ம்” என்றான்.

பலமான என்றால் ‘ஹார்ட்’. பலமாக அழுத்தினேன். அவள் விரல் யோசிக்கவே இல்லை. ‘ஹார்ட்லி’ என்று ஒட்டி, அச்செடுத்து, கையெழுத்துப் போட இடத்தைக் காட்டினாள். அவ்வளவு கலவரத்திலும், தன் படிப்பு தன் புருஷனுக்கே உதவுகிறது என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் விசாரணை. போனவன் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தான். “நானே ஒத்துக்கிட்டேன்னு சொல்றாங்க. வேலைக்கு வர வேணாமாம்” என்று சொல்லிவிட்டுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டான்.

“என்னத்தை ஒத்துக்கிட்டீங்க?”

“நீ எழுதினதைத்தான்.”

அவள் அகராதியை எடுத்தாள். ‘ஹார்ட்’ என்ற சொல் பெயரடைக்கும் அதேதான், வினையடைக்கும் அதேதான் என்று போட்டிருந்தது. கீழே தனியாக ‘ஹார்ட்லி’ இருந்தது. அதற்கு அர்த்தம் ‘பலமாக’ இல்லை. ‘இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவாக’. ‘பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் விட்டேன்’ என்று தன் கையாலேயே எழுதிப் புருஷனிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறாள்! பத்து வருஷமாக ஊருக்கெல்லாம் எழுதியவள், சொந்த வீட்டுக்குக் குழி தோண்டிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

“நாளைக்கு நானே போய்ப் பேசறேன்” என்றாள்.

“வேணாம், விட்டுடு.”

“எப்படிங்க விடறது? என் தப்புக்கு நீங்க வேலையை விடணுமா?”

“விட்டுடுன்னு சொல்றேன்ல” என்று அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பெண்டாட்டியைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல்தான் இப்படிச் சொல்கிறான் என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பில் கண் கலங்கவும் செய்தது. பாவம், நினைத்தது அத்தனையும் தப்பு.

மறுநாள் காலை அகராதியைக் கையில் பிடித்துக்கொண்டு விசாரணை நடத்திய கிடங்குப் பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குப் போய் நின்றாள். பழைய மனுக்களின் நகல்களையும் கொண்டுபோயிருந்தாள். “பாருங்க சார், இதுலயும் ஹார்ட்லி. இந்த மனு குடுத்தவரு ‘ஹார்ட்லி’ உழைச்சாருன்னு எழுதியிருக்கேன். உழைக்கவே இல்லைன்னா சார் எழுதுவேன்? எனக்கு இவ்வளவு நாளா தெரியாது சார்.” மானம் மரியாதை எல்லாவற்றையும் அந்த மேஜைமேல் கொட்டிவிட்டு நின்றாள். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, நகல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“அப்போ பலமா அழுத்தியும் வண்டி நிக்கலை. அப்படித்தானே?”

“அப்படித்தான் சார்.”

“எழுதிக் குடுங்க. எழுதினவங்கன்னு நீங்களும் கையெழுத்துப் போடுங்க.”

இந்தத் தடவை ‘ஹார்ட்’ என்று மட்டும் எழுதினாள். நான்கு நாளில் அவனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அழுத்தியும் நிற்கவில்லை என்றால் பிரேக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் மேல்தானே தப்பு? கிடங்கின் மெக்கானிக்கை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். அதை அவன் ஒரு வரியில் சொன்னான். அவளும், ஐயோ பாவம் என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டாள்.

வேலை கிடைத்தும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, துவைத்த சீருடையை அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

“நீ முதல்ல எழுதினதுதான் சரி.”

“எது?”

“அந்த ஹார்ட்லி.”

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“கையில போன் இருந்துச்சு. யாரோ அனுப்பின வீடியோ. நிமிர்ந்து பார்த்தப்போ அவரு எதிர்ல நிக்கறாரு. கால் பிரேக்குக்குப் போச்சு, அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு.”

“பலமா அழுத்தினேன்னு சொன்னீங்களே!”

“நான் எங்க சொன்னேன்? பலமா அழுத்தினீங்களான்னு நீ கேட்டே. ‘ம்’னேன்.”

அவளால் அழக்கூட முடியவில்லை. அவன்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த அருவருப்பு பெரிதாக இருந்தது. அவன் போட்டேன் என்று மட்டும்தான் சொன்னான். ‘பலமாக’ என்பது அவளுடைய சரக்கு. போய்ச் சொல்லிவிடுங்கள் என்று அன்று முழுவதும் கெஞ்சினாள். சொன்னால் வேலை மட்டும் போகாது, ஜெயில்தான் என்றான். அதோடு அவள் கெஞ்சுவதை நிறுத்திக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து, முன்னே பின்னே பார்த்திராத ஒரு மனிதர் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நகக் கண்களில் கிரீஸ் கறுப்பு இன்னும் போகாமல் இருந்தது.

“மேல்முறையீடு எழுதணும்மா. கிடங்குல மெக்கானிக்கா இருந்தேன்.”

அவள் அகராதியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். “சொல்லுங்கண்ணே” என்றாள்.

“பிரேக் நல்லா இருந்துச்சு. முதல் நாள்தான் கவனமா பார்த்தேன். பதினோரு வருஷம் கஷ்டப்பட்டு உழைச்சிருக்கேன். இவ்வளவுதான்மா, வேற ஒண்ணும் எனக்குச் சொல்லத் தெரியலை.”

அவள் எழுதினாள். நல்ல பிரேக், ‘குட்’. நன்றாக வேலை செய்தது, ‘வெல்’. கவனமாக, ‘கேர்ஃபுல்லி’. கஷ்டப்பட்டு உழைத்தேன், ‘ஹார்ட்’. ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் பார்த்துப் பார்த்து எழுதினாள். அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

“அண்ணே, இந்தக் கடைக்கு உங்களை யாரு அனுப்பினாங்க?”

“பாதுகாப்பு அதிகாரிதான்மா. ‘அந்த டிரைவர் சம்சாரத்துக்கிட்ட போங்க, அந்தம்மா ஒரு எழுத்து தப்புன்னாக்கூட ஓடி வந்து ஒத்துக்கற ஆளு, அவங்க எழுதினா நம்பலாம்’னாரு. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைம்மா. வீட்டுக்காரர் சொன்னதைத்தானே எழுதினீங்க.”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், இந்த மனிதருக்கு வேலை திரும்பக் கிடைத்துவிடும். அந்த வரியை எப்படி எழுத வேண்டும் என்று அவளுக்கு இப்போது ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் தெரியும். அதை எழுதாமலே அச்செடுத்து, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினாள்.

“மறுபடி விசாரிப்பாங்களாம்மா?”

“கண்டிப்பா விசாரிப்பாங்கண்ணே” என்றாள்.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.