மோட்டரை நிறுத்தும் மகள்

1.

இந்தக் கதை நிரம்பி வழிந்த ஒரு தண்ணீர்த் தாங்கியிலிருந்து வந்தது. மருதனார்மடத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் பக்கத்து வளவில் ஒருநாள் தாங்கி வழிந்தது. கிணற்றடியில் ஆளில்லை, மோட்டர் தானாக நின்றது. யார் நிறுத்தியது என்று கேட்டேன். "கனடாவிலையிருந்து மகள்" என்றார்கள். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான் கட்டியது, பஞ்சலிங்கம் உட்பட.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தொழில்நுட்பம் உலகத்தைச் சுருக்கிவிட்ட இக்காலத்தில்..." (பள்ளிக்கூடக் கட்டுரை. வெட்டியாயிற்று.)

2.

பஞ்சலிங்கம் தோட்டக்காரர், தனி ஆள். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் ஆரணி ரொறன்ரோவில். போன வருடம் வந்தபோது கிணற்று மோட்டரில் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்திப் பூட்டிவிட்டுப் போனாள். பிரவுசரில் அதன் முகவரியை அடித்தால் இரண்டு பொத்தான்கள் வரும்: போடு, நிறுத்து. எங்கிருந்தும் அமத்தலாம். மோட்டர் ஓடினாலும் நின்றாலும் தாங்கி நிரம்பினாலும் ஆரணியின் கைபேசிக்குச் செய்தி போகும். எந்தக் கட்டளைக்கும் பெட்டி "சரி" என்று மட்டும் பதில் தரும். அந்த விஷயத்தில் அது பஞ்சலிங்கத்தைப் போலத்தான்.

முதல்தரம் அவர் மோட்டரை நிறுத்த உண்மையாகவே மறந்துபோனார். அங்கிருந்தே நிறுத்திவிட்டு ஆரணி கைபேசியில் கோல் எடுத்தாள்.

"என்னப்பா, மோட்டரைப் போட்டிட்டு எங்கை போனனீங்கள்?"

"பேப்பர் பாத்துக்கொண்டு இருந்திட்டன் பிள்ளை."

ஏச்சு முடிந்து, இண்டைக்கு என்ன கறி, முழங்கால் நோ எப்படி என்று பேச்சு நீண்டது. ஞாயிறு எடுக்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே எடுக்காத மகள். அவள் வைத்த பிறகு வீடு முன்னையைவிட வெறிச்சோடிக் கிடந்தது.

3.

அடுத்த தரம் வேண்டுமென்றே வழியவிட்டார்.

(இதில் எனக்கே சந்தேகம். கிணற்றுத் தண்ணீரை வீணாக்க இந்த வலிகாமத்துத் தோட்டக்காரனுக்கு மனம் வருமா? வராது. ஆகவே வழிகிற தண்ணீர் வாழைக்குப் போகும்படி முதல்நாளே அவரைக்கொண்டு வாய்க்கால் வெட்டுவித்தேன். இப்போது நம்பலாம்.)

அவரே மகளுக்கு எடுத்திருக்கலாமே என்பீர்கள். வேலையில் நிற்பாள், குழப்பக்கூடாது என்பார். உண்மையில், உன்னோடு கதைக்க ஆசையாக இருக்கிறது என்று சொல்ல அவருக்கு வெட்கம்.

தாங்கி வழிய வழிய அவள் எடுத்தாள், வாழை செழித்தது. ஆரணிக்கோ அப்பாவின் மறதி பயத்தைக் கொடுத்தது. ஒருநாள் சந்தோஷமாக எடுத்தாள்.

"அப்பா, தாங்கி நிரம்பினால் மோட்டர் தானாய் நிக்கிறமாதிரிச் செய்திட்டன். இனி நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்கத் தேவையில்லை. நானும் எடுத்துக் கத்தமாட்டன்."

"ஓம் பிள்ளை. நல்லது."

4.

அவளுடைய கோல் நின்றது. "தனிமை அவரை..." என்று ஒரு வசனம் தொடங்கி விட்டுவிட்டேன். கைபேசியின் சத்தத்தைக் கடைசிவரை கூட்டி வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போனார். அது போதும்.

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் பெட்டியின் வயரை அறுத்தார். அதை அடித்துவிட்டேன், மகள் பூட்டிய சாமானில் அவர் கைவைக்கமாட்டார். இன்னொன்றில் ஆரணி விமானமேறி வந்தாள். அது எனக்குத்தான் ஆறுதல், அதையும் அடித்தேன்.

5.

மிஞ்சியது இது. ஒரு பின்னேரம் அவரே தன் கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறக்கிறார். போடு. நிறுத்து. போடு. நிறுத்து. மோட்டர் இருமி இருமி நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் பெட்டி "சரி" என்கிறது. ரொறன்ரோவில் செய்திகள் குவிய, ஆரணி வேலையிடத்திலிருந்து வெளியே ஓடிவந்து எடுக்கிறாள்.

"அப்பா! மோட்டருக்கு என்ன பிழை?"

அவர் சொல்லவேண்டியது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாலுதரம் எழுதிப் பார்த்தேன். மனுஷன் "வயர் ஏதும் லூசாக்கும்" என்று சொல்லத்தான் பார்க்கிறார். சொன்னால் அவள் ஆள் அனுப்பித் திருத்துவித்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவாள்.

என்னால் முடியவில்லை. நீங்களாவது அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். கெதியாக. ஆரணி இன்னும் லைனில் நிற்கிறாள்.